அட்டவணையில் ஒரு வாடகை: அமெரிக்க வவுச்சர் திட்டமும் ஏழைகளின் குடியிருப்பும்

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1ஆம் தேதி அமெரிக்க மத்திய அரசின் நிதியாண்டு தொடங்குகிறது. அதற்குச் சில வாரங்கள் முன்னதாக அந்நாட்டின் வீட்டுவசதி, நகர்ப்புற மேம்பாட்டுத் துறை ஓர் அட்டவணையை வெளியிடும். ஒவ்வொரு பெருநகரப் பகுதிக்கும், அதில் சேராத ஒவ்வொரு கவுண்டிக்கும், ஓர் அறை வீடு முதல் நான்கு படுக்கையறை வீடு வரை, மாத வாடகை எவ்வளவு என்று அதில் குறித்திருப்பார்கள். ‘நியாயச் சந்தை வாடகை’ என்பது அந்தத் தொகைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்.

செய்தித்தாள்களின் முதல் பக்கத்துக்கு இந்த அட்டவணை வருவதில்லை. ஆனால் சுமார் 23 லட்சம் குடும்பங்கள் எந்தத் தெருவில் குடியிருக்கலாம், அவர்களின் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போகலாம் என்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. மத்திய அரசின் வாடகை உதவி வவுச்சரை நம்பி வாழும் குடும்பங்கள் இவை. வவுச்சர் எவ்வளவு பணம் தரும் என்பதை இந்த அட்டவணைதான் வரையறுக்கிறது.

இக்கட்டுரை ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது. அந்த வாடகை அளவுகோலை எந்த எல்லைக்குள் கணக்கிடுவது: பெருநகரம் முழுவதற்கும் சேர்த்தா, ஒவ்வொரு அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கும் தனித்தனியாகவா? நிர்வாக நுணுக்கம்போலத் தோன்றும் இக்கேள்வி, இருபது ஆண்டுகளுக்குள் இரண்டு பெரிய வழக்குகளுக்கும் தீவிரமான ஆய்வு விவாதத்துக்கும் காரணமாகியிருக்கிறது.

அளவுகோல் உருவான விதம்

1970களின் தொடக்கத்தில் அரசே கட்டி நிர்வகித்த அடுக்ககங்களின் மீது அமெரிக்காவில் நம்பிக்கை குலைந்திருந்தது. செயின்ட் லூயிஸ் நகரின் புருயிட்-ஐகோ குடியிருப்பை 1972இல் வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கினார்கள். 1973 ஜனவரியில் நிக்சன் அரசு புதிய மானிய வீட்டுத் திட்டங்களை நிறுத்திவைத்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட வீட்டுவசதிச் சட்டம் வேறொரு பாதையைத் திறந்தது: அரசு வீடு கட்டித்தர வேண்டாம், தனியார் சந்தையில் குடும்பமே வீடு பார்த்துக்கொள்ளட்டும், வாடகையில் ஒரு பகுதியை அரசு ஏற்கட்டும். அச்சட்டம் கொண்டுவந்த ‘எட்டாம் பிரிவு’ என்ற பெயரிலேயே இத்திட்டம் இன்றும் பேச்சுவழக்கில் அறியப்படுகிறது. 1983இல் வவுச்சர் என்ற வடிவம் வந்தது. 1998ஆம் ஆண்டுச் சட்டம், 1974இல் தொடங்கிய சான்றிதழ் முறையையும் வவுச்சரையும் ஒன்றாக இணைத்தது.

சந்தையில் வீடு பார்க்கச் சொன்னால், எவ்வளவு வாடகை வரை அரசு தாங்கும் என்று சொல்லியாக வேண்டும். அங்குதான் அளவுகோல் நுழைகிறது. ஒரு பகுதியில் அண்மையில் குடிவந்தவர்கள் தரமான வீடுகளுக்குக் கொடுக்கும் வாடகையை, மின்சாரம் போன்ற செலவுகளையும் சேர்த்து, குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசைப்படுத்துகிறார்கள். நூறு வீடுகள் வரிசையில் நின்றால் நாற்பதாவது வீட்டின் வாடகை எதுவோ அதுவே நியாயச் சந்தை வாடகை. தொடக்கத்தில் அது ஐம்பதாவது வீடாக இருந்தது. 1984இல் நாற்பத்தைந்துக்கு இறங்கியது, 1995இல் நாற்பதுக்கு. செலவைக் குறைக்க எடுத்த இம்முடிவுகள் ஒவ்வொன்றும், வவுச்சர் எட்டக்கூடிய வீடுகளின் பட்டியலிலிருந்து ஓர் அடுக்கை வெட்டி எறிந்தன.

இதற்கான தரவு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் ஐந்தாண்டு மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து வருகிறது. அதில் காலதாமதம் தவிர்க்க முடியாதது. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த தொகைகளுக்கு 2017 முதல் 2021 வரையிலான கணக்கெடுப்பே அடித்தளம். அதன்மேல் விலைவாசிக் குறியீட்டைக் கொண்டு இன்றைய நிலைக்குக் கூட்டிக்கொள்கிறார்கள். வாடகை மெதுவாக ஏறும் காலத்தில் இது போதும். பெருந்தொற்றுக்குப் பிறகு வாடகைகள் பாய்ந்தபோது போதவில்லை. 2023ஆம் நிதியாண்டுக்குத் தனியார் நிறுவனங்களின் வாடகைத் தரவையும் துறை சேர்த்துக்கொண்டது. நாடு முழுவதும் அளவுகோல் சராசரியாகச் சுமார் 10 சதவீதம் உயர்ந்தது.

அளவுகோலை அடிப்படையாகக் கொண்டு உள்ளூர் வீட்டுவசதி வாரியங்கள் தங்கள் உதவி வரம்பை வகுக்கும். அளவுகோலின் 90 முதல் 110 சதவீதத்துக்குள் அது இருக்கலாம். குடும்பம் தன் வருமானத்தில், சட்டம் அனுமதிக்கும் கழிவுகள் போக, 30 சதவீதத்தைத் தரும். மீதியை, வரம்பு வரை, வாரியம் வீட்டு உரிமையாளருக்கு நேரடியாகச் செலுத்தும். வாடகை வரம்பைத் தாண்டினால் தாண்டும் தொகை முழுவதும் குடும்பத்தின் தலையில்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு தாய், இரண்டு பிள்ளைகள். கழிவுகள் போக மாத வருமானம் 1,500 டாலர். அவர் தர வேண்டியது 450. பெருநகரம் முழுவதற்கும் உதவி வரம்பு 1,400 என்று வைத்துக்கொள்வோம். நல்ல பள்ளி இருக்கும் புறநகரில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வாடகை 1,800. வரம்புக்கு மேலே உள்ள 400ஐயும் அவரே தர வேண்டும் என்றால் அவர் பங்கு 850. நானே பல்லைக் கடித்துக்கொண்டு கொடுக்கிறேன் என்றாலும் விதி விடாது. வாடகை வரம்பை மீறும் வீட்டில் புதிதாகக் குடியேறும்போது குடும்பத்தின் பங்கு வருமானத்தில் 40 சதவீதத்தை, அதாவது இங்கே 600 டாலரை, தாண்டக்கூடாது. ஆக, அவர் குடியேறக்கூடிய வீட்டின் உச்ச வாடகை 1,550. அந்தப் புறநகர் அவருக்கு இல்லை.

பெருநகரம் முழுவதற்கும் ஒரே எண்

அதே தாய் நகரின் ஏழ்மையான பகுதிக்குப் போகிறார். அங்கே அதே அளவு வீட்டின் சந்தை வாடகை 1,100. உதவி வரம்போ 1,400. உரிமையாளர் 1,100 கேட்டாலும் 1,400 கேட்டாலும் அவர் கையிலிருந்து போவது 450தான். பேரம் பேச அவருக்குக் காரணமே இல்லை. கூடுதல் வாடகை கேட்க உரிமையாளருக்குக் காரணம் உண்டு. சுற்றுப்புறத்தில் வவுச்சர் இல்லாத வீடுகளின் வாடகையோடு ஒப்பிட்டே வாரியம் ஒப்புதல் தர வேண்டும் என்பது விதி. அந்த ஒப்பீடு எவ்வளவு கறாராக நடக்கிறது என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது.

மில்வாக்கி நகரில் மேத்யூ டெஸ்மண்டும் கிறிஸ்டின் பெர்கின்ஸும் செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஒத்த தரமுள்ள வீடுகளுக்கு, வவுச்சர் வைத்திருப்போரிடம் மாதம் 51 முதல் 68 டாலர் வரை கூடுதல் வாடகை பெறப்பட்டதை அது காட்டியது. பால்டிமோரின் பார்க் ஹைட்ஸ் பகுதியில் தங்கி ஆய்வு செய்த ஈவா ரோசன், ‘தி வவுச்சர் பிராமிஸ்’ (2020) என்ற நூலில் இதன் மறுபக்கத்தை விவரிக்கிறார். நலிந்த பகுதிகளில் வவுச்சர் குடும்பங்களைத் தேடிப் பிடிப்பதையே தொழிலாகச் செய்யும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அங்கே வவுச்சர் வாடகை சந்தை வாடகையைவிட அதிகம். மாதம் தவறாமலும் வருகிறது. குடும்பம் தன் விருப்பப்படி தேர்ந்தெடுத்ததுபோல் வெளியே தெரியும் இடம், பல நேரம் உரிமையாளரின் கணக்கு தேர்ந்தெடுத்த இடம்.

வவுச்சர்கள் மொத்தச் சந்தையிலும் வாடகையை ஏற்றுகின்றனவா என்பது தனி விவாதம். 1970களில் கிரீன் பே, சவுத் பெண்ட் ஆகிய ஊர்களில் நடந்த பெரிய சோதனை, அப்படி ஏற்றம் ஏதும் குறிப்பிடும்படி இல்லை என்றது. 2002இல் ஸ்காட் சூசின் 90 பெருநகரங்களின் தரவைக் கொண்டு, உதவி பெறாத ஏழைகளின் வாடகை சராசரியாக 16 சதவீதம் ஏறியது என்றார். எரிக்சனும் ராஸும் 2015இல் வெளியிட்ட ஆய்வில் ஒட்டுமொத்த ஏற்றம் தென்படவில்லை. ஆனால் வீட்டு வரத்து எளிதில் பெருகாத நகரங்களில், வவுச்சர் அனுமதிக்கும் உச்ச வாடகையை ஒட்டிய வீடுகளின் வாடகைதான் அதிகமாக ஏறியிருந்தது. முரண்படுவதுபோல் தோன்றும் இம்முடிவுகளில் நம் கேள்விக்கு உதவுவது கடைசியாகச் சொன்னது. அளவுகோல் சந்தையை வெறுமனே அளந்து சொல்வதோடு நிற்பதில்லை. தான் நிற்கும் இடத்துக்குச் சந்தையை இழுக்கவும் செய்கிறது.

அப்படியென்றால் அளவுகோலை எல்லா இடத்திலும் உயர்த்திவிட்டால் ஏழைக் குடும்பங்கள் நல்ல பகுதிக்குப் போகுமா? இதைச் செய்தே பார்த்தார்கள். 2001இல் 39 பெருநகரங்களில் நாற்பதாம் இடத்துக்குப் பதில் ஐம்பதாம் இடத்து வாடகை அளவுகோலானது. வவுச்சர் குடும்பங்கள் ஒரே பகுதியில் குவிவதைக் குறைப்பதே நோக்கம்.

ராபர்ட் காலின்சனும் பீட்டர் கனோங்கும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, அளவுகோலை உயர்த்தினால் என்ன ஆகும் என்ற கேள்விக்குத் தீர்மானமான சான்று தருகிறது. 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தரவு 2005இல் அளவுகோலுக்குள் வந்தபோது, பல பெருநகரங்களின் எண் ஒரேயடியாக மாறியது. அதை அவர்கள் இயற்கையாய் அமைந்த ஒரு சோதனையாக எடுத்துக்கொண்டார்கள். அளவுகோலில் கூடிய ஒவ்வொரு டாலரிலும் ஏறக்குறைய பாதி, வாடகையாக ஏறி உரிமையாளரிடம் போய்ச் சேர்ந்தது. வீட்டின் தரத்திலோ பகுதியின் தரத்திலோ மிகச் சிறிய மாற்றமே தென்பட்டது.

டாலஸ்: எல்லையை மாற்றிய வழக்கு

இதே ஆய்வின் இரண்டாம் பாதி டாலஸைப் பற்றியது. அதற்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. டாலஸின் அரசுக் குடியிருப்புகளிலும் வவுச்சர் திட்டத்திலும் இனவாரிப் பிரிவினை நிலவுவதாக 1985இல் கறுப்பினக் குடிவாசிகள் வழக்குத் தொடுத்தார்கள். அந்த வழக்கின் தொடர்ச்சியாகப் பிறந்த அமைப்பு இன்க்ளூசிவ் கம்யூனிடீஸ் ப்ராஜெக்ட். 2007இல் அது மத்திய வீட்டுவசதித் துறை மீதே வழக்குப் போட்டது. பெருநகரம் முழுவதற்கும் ஒரே வாடகை அளவுகோல் வைப்பது, வாடகை கூடிய வெள்ளையர் புறநகர்களிலிருந்து கறுப்பினக் குடும்பங்களை விலக்கி வைக்கிறது என்பது அதன் வாதம். எண்ணுக்கு நிறம் இல்லை. ஆனால் அதன் விளைவுக்கு உண்டு என்பதை நீதிமன்றத்தின் முன் வைத்த வாதம் அது. 2010இல் சமரசம் ஏற்பட்டது. டாலஸ் பெருநகரத்தில் ஒவ்வோர் அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கும் தனி அளவுகோல் வகுக்கத் துறை ஒப்புக்கொண்டது.

அஞ்சல் பிரிக்க உருவாக்கிய குறியீடு இப்படி வீட்டுவசதிக் கொள்கையின் அலகானது. இந்தச் சிறுபகுதி அளவுகோலைப் பத்து டாலருக்கு முழுமையாக்குகிறார்கள். பெருநகர அளவுகோலின் 150 சதவீதத்துக்கு மேல் போகவிடுவதில்லை. போதிய வாடகை வீடுகள் இல்லாத குறியீட்டுக்கு, அதைவிடப் பெரிய பரப்பின் தரவிலிருந்து மதிப்பிடுகிறார்கள். நம் எடுத்துக்காட்டில், நலிந்த பகுதிக்கு 1,100 என்றும் புறநகருக்கு 1,800 என்றும் வரம்பு பிரிந்தால் கணக்கே தலைகீழாகிறது. இரண்டு இடத்திலும் அந்தத் தாயின் பங்கு 450தான். நலிந்த பகுதி உரிமையாளருக்கு 1,400 கேட்க இடமில்லை. புறநகரின் 1,800 டாலர் வீடு எட்டும் தூரத்துக்கு வந்துவிடுகிறது.

டாலஸில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். வவுச்சர் குடும்பங்கள் குற்றமும் வறுமையும் வேலையின்மையும் குறைந்த பகுதிகளுக்கு நகர்ந்தன. மலிவான பகுதிகளில் மிச்சமான பணம் வாடகை கூடிய பகுதிகளின் செலவை ஈடுகட்டியதால், அரசுக்கு நிகரக் கூடுதல் செலவு இல்லை என்று காலின்சனும் கனோங்கும் கணக்கிட்டார்கள். இரண்டு சான்றுகளையும் அருகருகே வைத்தால், அளவுகோலில் எத்தனை டாலர் என்பதைவிட அது எந்த எல்லைக்குள் அளக்கப்பட்டது என்பதே வலுவான காரணி என்று சொல்லத் துணியலாம்.

பகுதி மாறுவதால் ஆகப்போவது என்ன என்று கேட்போருக்கு இன்னொரு சான்று உண்டு. 1994 முதல் 1998 வரை பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் நகரங்களில், வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபெயர்வதற்கான வவுச்சர்கள் குலுக்கல் முறையில் வழங்கப்பட்டன. முதலில் வந்த மதிப்பீடுகளில் பெற்றோரின் வருமானத்தில் பயன் தெரியவில்லை, பலர் ஏமாற்றமடைந்தார்கள். ராஜ் செட்டி, நாதனியல் ஹெண்ட்ரன், லாரன்ஸ் கட்ஸ் மூவரும் 2016இல் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பதின்மூன்று வயதுக்கு முன் இடம்பெயர்ந்த பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். அட்டவணையில் உள்ள ஒரு வாடகைத் தொகை, ஒரு தலைமுறை தள்ளி ஒரு பிள்ளையின் சம்பளச் சீட்டில் தெரியும் வழி இது.

விரிவாக்கமும் எதிர்ப்பும்

டாலஸுக்குப் பிறகு சட்டநூகா, லரேடோ, லாங் பீச், நியூயார்க் மாநிலத்தின் மமாரனெக், சிகாகோவைச் சூழ்ந்த குக் கவுண்டி ஆகிய இடங்களின் வாரியங்கள் சிறுபகுதி அளவுகோலின் முன்னோட்டத்தில் சேர்ந்தன. 2016 நவம்பரில், ஒபாமா ஆட்சியின் இறுதியில், 24 பெருநகரங்களுக்குச் சிறுபகுதி அளவுகோல் கட்டாயமானது. ஐம்பதாம் இடத்து வாடகை என்ற பழைய ஏற்பாடு அத்துடன் கைவிடப்பட்டது. ஆட்சி மாறியது. 2017 ஆகஸ்டில் அமைச்சர் பென் கார்சனின் துறை, மதிப்பீடு இன்னும் முடியவில்லை என்று சொல்லி இரண்டு ஆண்டுகளுக்கு விதியை நிறுத்திவைத்தது. கனெக்டிகட்டின் ஓப்பன் கம்யூனிடீஸ் அலயன்ஸ் அமைப்பு நீதிமன்றம் சென்றது. டிசம்பர் 23 அன்று நீதிபதி பெரில் ஹவல் அந்த நிறுத்தத்துக்குத் தடை விதித்தார். 2018இல் விதி நடைமுறைக்கு வந்தது. 2023 அக்டோபரில் மேலும் 41 பெருநகரங்கள் சேர்க்கப்பட்டன.

எதிர்ப்பு எல்லாம் ஒரே திசையிலிருந்து வந்ததாக நினைத்தால் தவறு. முதல் வரைவில் நியூயார்க் நகரமும் இருந்தது. அதை எதிர்த்தவர்களில் குடிவாசிகளுக்காகப் போராடுபவர்களும் இருந்தார்கள். காலி வீடே கிடைக்காத நகரில், பிராங்ஸ் போன்ற பகுதிகளில் அளவுகோல் இறங்கினால் அங்கே ஏற்கெனவே வாழும் குடும்பங்கள் எங்கே போகும் என்பது அவர்கள் கேள்வி. வாடகை கூடிய பகுதிகளில் வரம்பு உயர்ந்தாலும் அங்கே வீடு காலியாக இருந்தால்தானே? இறுதி விதி, காலி வீடுகள் மிகக் குறைந்த பெருநகரங்களை விலக்கியது. நியூயார்க் வெளியே நின்றது. முன்னோட்டத்தின் இடைக்கால மதிப்பீடும் (2017) இந்தக் கவலையை உறுதிப்படுத்தியது. வாடகை கூடிய பகுதிகளில் எட்டக்கூடிய வீடுகள் பெருகின. மலிவான பகுதிகளில் இழந்த வீடுகளையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தம் சற்றுக் குறைந்திருந்தது.

இது அலட்சியப்படுத்தக்கூடிய ஆட்சேபம் இல்லை. தன் தாய் நான்கு தெரு தள்ளி வாழ்கிறார், பிள்ளையை அவரிடம் விட்டுத்தான் வேலைக்குப் போக முடியும் என்ற நிலையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு, நல்ல புறநகருக்கு வழி திறந்திருப்பது பெரிய ஆறுதல் இல்லை. இருக்கும் வீட்டின் உதவி குறைந்தால் அது நேரடி அடி. ஏற்கெனவே குடியிருக்கும் குடும்பங்களின் வரம்பைக் குறைக்காமல் தொடர வாரியங்களுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இடம் தந்தது. ஓர் ஆண்டில் அளவுகோல் 10 சதவீதத்துக்கு மேல் இறங்காது என்ற காப்பும் உண்டு. ஆனால் முதலாவது பாதுகாப்பு வாரியத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. அதைக் கட்டாயமாக்கியிருக்க வேண்டும்.

எண்ணால் மட்டும் திறக்காத கதவு

வவுச்சர் கைக்கு வந்ததும் காலக்கெடு தொடங்குகிறது. குறைந்தது 60 நாள் அவகாசம். அதற்குள் வீடு கண்டுபிடித்து, உரிமையாளரைச் சம்மதிக்க வைத்து, ஒப்புதல் கோரும் படிவத்தை அவர் கையெழுத்துடன் வாரியத்தில் சேர்க்க வேண்டும். பிறகு வாரியத்தின் ஆய்வாளர் வந்து வீட்டைப் பார்ப்பார். கெடுவும் நீட்டிப்பும் முடிந்தால் வவுச்சர் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். 1993இல் வவுச்சர் பெற்றவர்களில் 81 சதவீதத்தினர் வீடு பிடித்தார்கள். 2000இல் 69 சதவீதம். 2019இல் சுமார் 61 சதவீதம். பல ஆண்டுகள் வரிசையில் காத்திருந்து கிடைத்த உதவியை ஐந்தில் இரண்டு குடும்பங்கள் பயன்படுத்த முடியாமல் திருப்பிக் கொடுக்கின்றன.

காரணங்களில் முக்கியமானது உரிமையாளரின் மறுப்பு. அர்பன் இன்ஸ்டிட்யூட் ஐந்து இடங்களில் தொலைபேசியில் விசாரித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், வவுச்சரை ஏற்க மாட்டோம் என்றவர்கள் ஃபோர்ட் வொர்த்தில் 78 சதவீதம், லாஸ் ஏஞ்சலஸில் 76, பிலடெல்பியாவில் 67, நெவார்க்கில் 31, வாஷிங்டனில் 15. வறுமை குறைந்த பகுதிகளை மட்டும் எடுத்தால் ஃபோர்ட் வொர்த்தின் மறுப்பு 85 சதவீதம். நெவார்க்கிலும் வாஷிங்டனிலும், வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டி வீடு மறுக்கக் கூடாது என்ற சட்டம் உண்டு. அதே பாதுகாப்பு உள்ள பிலடெல்பியாவின் எண்ணோ, அமலாக்கம் இல்லாத சட்டம் எவ்வளவு பலவீனமானது என்பதைக் காட்டுகிறது.

ஃபோர்ட் வொர்த் டாலஸுக்குப் பக்கத்து நகரம். அளவுகோலின் எல்லையை நாட்டிலேயே முதலில் மாற்றிக்கொண்ட வட்டாரம் டாலஸ். ஆனால் ஆஸ்டின் நகரம் 2014இல் வவுச்சர் மறுப்பைத் தடைசெய்ய முனைந்தபோது, டெக்சாஸ் சட்டமன்றம் 2015இல் எந்த நகரமும் அப்படிச் செய்ய முடியாதபடி சட்டம் இயற்றிவிட்டது. கையில் போதிய பணம் கொடுத்து அனுப்பிவிட்டு, வாசலிலேயே மறிக்க உரிமையாளருக்கு உரிமையும் கொடுத்துவிட்டால் வவுச்சர் எவ்வளவு தூரம் போகும்?

சியாட்டில், கிங் கவுண்டி வாரியங்கள் 2018இல் தொடங்கிய சோதனை இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. கிங் கவுண்டி ஏற்கெனவே 2016 முதல் அஞ்சல் குறியீடு சார்ந்த ஐந்தடுக்கு வரம்பைப் பின்பற்றியது. ஆனாலும் கூடுதல் துணை ஏதுமில்லாத குடும்பங்களில் 15 சதவீதமே நல்வாய்ப்புள்ள பகுதிகளுக்குப் போயின. வீடு தேட உடன் வரும் உதவியாளர், உரிமையாளரிடம் வாரியமே பேசுதல், முன்பணத்துக்குக் கொஞ்சம் பண உதவி ஆகியவை சேர்ந்தபோது அது 53 சதவீதமானது. போக விருப்பமில்லை என்று இதுவரை விளக்கப்பட்டது, பெருமளவு போக வழி தெரியாததுதான்.

பணம், பங்கீடு, கணக்கு

வவுச்சருக்கு நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஒதுக்கும் தொகை வரம்புக்கு உட்பட்டது. தகுதியுள்ள குடும்பங்களில் நான்கில் ஒன்றுக்கே ஏதேனும் ஒரு மத்திய வாடகை உதவி கிடைக்கிறது. ஒரு குடும்பத்துக்குக் கூடுதலாகத் தரும் ஒவ்வொரு டாலரும், வரிசையில் நிற்கும் இன்னொரு குடும்பத்திடமிருந்து வருவதுபோன்ற நெருக்கடியில் வாரியங்கள் இருக்கின்றன. வரம்பை 90 சதவீதத்திலேயே வைத்துக்கொள்ளும் வாரியத்தைக் குறை சொல்லும் முன் இதை நினைவில் கொள்ள வேண்டும். ஆனால் டாலஸ் காட்டிய வழி இந்த நெருக்கடிக்குள்ளேயே செயல்படக்கூடியது. நலிந்த பகுதி உரிமையாளரின் கூடுதல் லாபமாகப் போய்க்கொண்டிருந்த பணத்தை அது குடும்பத்தின் பக்கம் திருப்புகிறது. இருக்கும் குடும்பங்களுக்குக் கட்டாயப் பாதுகாப்பு, மறுப்புக்கு எதிரான அமலாகும் சட்டம், வீடு தேடும் துணை ஆகிய மூன்றும் உடன் இருந்தால் சிறுபகுதி அளவுகோலை எதிர்க்க வலுவான காரணம் தென்படவில்லை. அவை இல்லாத இடத்தில், நியூயார்க் குடிவாசிகளின் கேள்வி அப்படியே நிற்கிறது.

65 பெருநகரங்களில் இன்று நடப்பதை மதிப்பிடப் புதிய கணக்கெடுப்பு எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு வவுச்சர் குடும்பத்தின் முகவரி, வருமானம், வாடகை, குடும்பம் கொடுக்கும் பங்கு எல்லாமே 50058 என்ற எண்ணிட்ட படிவத்தின் வழியே மத்தியத் துறைக்குப் போய்ச் சேருகின்றன. வரம்பு இறங்கிய அஞ்சல் குறியீடுகளில் எத்தனை குடும்பங்களின் பங்கு 30 சதவீதத்தைத் தாண்டியது, எத்தனை குடும்பங்கள் இடம்பெயர்ந்தன, எங்கே போயின என்பதைப் பெயர் இல்லாமல், குறியீடு வாரியாக, வாடகை அட்டவணையோடு சேர்த்தே துறை ஒவ்வோர் ஆண்டும் வெளியிடலாம்.